பின்னச்சு பழுதா, டயர் தேய்வா?



சென்ற ஆண்டு பொங்கலுக்கு ஐதராபாத்திலிருந்து சேலத்திற்குக் குடும்பத்துடன் காரில் செல்ல ஆயத்தமாயிருந்தேன். நான்கு நாள் இருக்கையில், நாற்சக்கர இயக்கமுள்ள அவ்வண்டியில் எச்சரிக்கை விளக்கொன்று எரிந்தது. பின்சக்கரங்களுக்கு விசை செல்லவில்லை என்பது அதன் பொருள். ஒரு பணிமனையார் பின்னச்சுத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றனர். கேட்ட தொகை என் இரு மாத ஊதியத்தை விஞ்சியது.

நாற்சக்கர இயக்கம் நமக்குப் புதிதன்று. மகீந்திரா நிறுவனத்தார் இந்தியாவில் கோக்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பிலும் அது இருந்தது. ஆனால் அங்கே தீர்மானித்தது ஓட்டுநரின் கை. சேற்றைக் கடந்து தார்ச்சாலை ஏறியபின் நெம்புகோலை விடுவிக்க மறந்தாரானால், இரு அச்சுகளும் ஒன்றையொன்று முறுக்கும். வளைவில் வண்டி முரண்டு பிடிக்கும். இன்றைய கார்கள் பலவற்றில் அத்தீர்மானத்தை ஒரு மின்னணுப் பெட்டி செய்கிறது. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் உணர்கருவிகள் அதற்கு அறிவிக்கின்றன. முன்சக்கரம் மிகுந்து சுழன்றால் வழுக்குகிறதென்று கருதி, பின்னச்சுக்கு விசை தரும் கிளட்சை அது இறுக்குகிறது.

மனம் ஒப்பாமல் இராணிகஞ்சுப் பக்கம் ஒரு முதிய மெக்கானிக்கிடம் சென்றேன். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. வண்டியை ஓட்டிச் செவிமடுத்தார். ஆக்சிலேட்டரை அழுத்துகையில் எழுந்து, விடுகையில் மாறும் ஊளைச் சத்தம் கிரவுன், பினியன் பற்களின் குறையைக் காட்டும். வளைவில் மட்டும் தட்டினால் டிஃபரன்ஷியலின் சிறு பற்சக்கரங்களை ஐயுறலாம். ஒரு பக்கம் திரும்புகையில் இரைச்சல் கூடினால் பெரும்பாலும் சக்கரத்தின் பேரிங். என் வண்டியில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அச்சின் எண்ணெயிலும் இரும்புத் துகள் இல்லை.

பிறகு அளவுநாடாவை எடுத்து டயர்களைச் சுற்றி அளந்தார். சிக்கனம் கருதிப் பின்னிரண்டை மட்டும் நான் புதிதாக மாற்றியிருந்தேன். தேய்ந்த முன்டயர்களின் சுற்றளவு ஏறக்குறைய 4 செ.மீ. குறைவு! ஆகவே நேர்ச்சாலையிலும் அவை விரைந்து சுழன்றன. பெட்டி அதை வழுக்கலென்று கொண்டு கிளட்சை ஓயாது இறுக்கிற்று. கிளட்ச் சூடேறவே, காப்புக்காகப் பின்னியக்கத்தைத் துண்டித்துவிட்டது. மூலத்தைத் தவறாகப் படித்தவன் செய்த பிழையற்ற மொழிபெயர்ப்பு அது. என் தொழிலில் நான் பலமுறை கண்டதுதான்.

முன்னிரண்டும் மாற்றி, பெட்டியில் பதிந்திருந்த பிழைக்குறிப்பை அழித்ததும் விளக்கு அணைந்தது. குறித்த நாளில் கர்நூலில் துங்கபத்திரையைக் கடந்தபோது வண்டியில் கேட்டது குழந்தைகளின் சத்தம் மட்டுமே.