கழுத்து வலி போனது, களைப்பு போகவில்லை

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியதைச் சற்றே சீர்செய்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



உட்கார்ந்தபடியே பேசுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். படிக்கும் காலத்தில் இதே ஹாலில் உட்கார்ந்து பதில் சொன்னதற்காக ஒரு முறை வெளியே அனுப்பப்பட்டவன் நான். அனுப்பிய சாரே இன்றைக்கு எனக்காக நாற்காலி எடுத்துப் போட்டார். அந்த நாற்காலி எதற்கு என்பதுதான் என் பேச்சு.

செயலாளர் போன் செய்தபோது, "கைரோபிராக்டிக் வைத்தியம் எடுத்தாயாமே, நாள்பட்ட சோர்வுக்கு அது கேட்குமா? அதைப் பற்றியே பேசு" என்றார். நான் டாக்டர் இல்லை. மெஷின் டிசைன் செய்து பிழைப்பவன். ஆனால் இந்தக் கேள்விக்கு என் உடம்பையே பரிசோதனைச் சாலையாக வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

2020 டிசம்பரில் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து மோலின் என்ற ஊரில் இருந்தேன். வேளாண் இயந்திரத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அங்கே எனக்குக் கொரோனா வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, பத்து நாளில் காய்ச்சல் விட்டது. எல்லோரும் எழுந்து வேலைக்குப் போனார்கள். நான் மட்டும் எழவில்லை. குளித்துவிட்டு வந்து படுத்தால் ஒரு மணி நேரம் பேச முடியாது. படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிப்பேன், மண்டையில் ஏறாது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் ராத்திரி முழுக்க மூட்டை தூக்கியவன் மாதிரி இருக்கும்.

தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், வைட்டமின் எல்லாம் பார்த்தார்கள். ரிப்போர்ட் எல்லாம் நார்மல். "மனசுதான் காரணம், உடற்பயிற்சி செய்யுங்கள்" என்றார் ஒரு டாக்டர். நானும் நல்ல பிள்ளையாக டிரெட்மில்லில் இருபது நிமிஷம் நடந்தேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் சாயங்காலம் விழுந்தவன், இரண்டு வாரம் படுக்கையை விட்டு எழவில்லை.

இந்தத் தாமதம்தான் நோயின் கையெழுத்து. உழைத்த களைப்பு ஓய்வெடுத்தால் போகும். இதிலே, சக்திக்கு மீறி எதையாவது செய்தால் ஒரு நாள், இரண்டு நாள் கழித்து உடம்பு மொத்தமும் சரிகிறது. 2015-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் இந்த நோய்க்கு எளிமையான இலக்கணம் வகுத்தது. ஆறு மாதத்துக்கு மேல் பழைய வேலைகளைச் செய்ய முடியாத அளவு சோர்வு, உழைப்புக்குப் பின் வரும் இந்தச் சரிவு, தூங்கியும் தெளியாத உடம்பு. இவை மூன்றும் இருக்க வேண்டும். கூடவே மூளை மந்தமாவது, நின்றால் தலை சுற்றிப் படபடப்பது, இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். எனக்கு ஐந்தும் இருந்தது. பரீட்சையில்தான் நூற்றுக்கு நூறு வாங்கியதில்லை.

இது புது நோயும் அல்ல. 1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய முந்நூறு ஊழியர்கள் இப்படி விழுந்து, ஆஸ்பத்திரியையே சில மாதம் மூடினார்கள். 1980-களின் நடுவில் நெவாடாவில் டாஹோ ஏரிக்கரையில் ஒரு கூட்டம் விழுந்தது. அதன் பிறகு 1988-ல்தான் 'க்ரானிக் ஃபெட்டீக் சிண்ட்ரோம்' என்ற பெயர் வந்தது. அமெரிக்க அரசின் 2021-22 கணக்குப்படி அங்கே பெரியவர்களில் நூற்றுக்கு 1.3 பேர் தங்களுக்கு இது இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெண்கள்தான் அதிகம். பெரும்பாலும் ஒரு வைரஸ் காய்ச்சலைத் தொடர்ந்து வருகிறது. இதுதான் என்று காட்டும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. குணப்படுத்தும் மருந்தும் இல்லை.

மருந்து இல்லாத நோய்க்கு வைத்தியர்கள் அதிகம். நான் இருந்த இடமோ விசேஷமான இடம். மோலினுக்கு எதிரே மிசிசிப்பி ஆற்றின் மறுகரையில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட். கைரோபிராக்டிக் பிறந்த ஊரே அதுதான். 1895 செப்டம்பரில் டி.டி. பாமர் என்பவர், காது சரியாகக் கேட்காத ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பில் ஒரு எலும்பை அழுத்தித் தள்ளினாராம், காது கேட்டதாம். முதுகெலும்பு இடம் பிசகி நரம்பை நெருக்குவதுதான் நோய்களுக்கெல்லாம் மூலம் என்று அவர் முடிவு கட்டினார். 1897-ல் பள்ளிக்கூடமும் வைத்தார். அந்தக் கல்லூரி இன்றும் அங்கே நடக்கிறது. ஆனால் காது நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை. மண்டைக்குள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது. ஆரம்பமே இப்படி என்பதை மனதில் வையுங்கள். அதற்காக எல்லாமே பொய் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

என்னோடு வேலை பார்த்த ஒரு அமெரிக்கர், தம் முதுகுவலி அங்கேதான் தீர்ந்தது என்று 2021 ஆகஸ்டில் என்னை அனுப்பி வைத்தார். முதலில் போன இடத்தில் பத்தே நிமிஷத்தில் எக்ஸ்ரே எடுத்துக் காட்டி, "உங்கள் சோர்வுக்குக் காரணம் இந்த வளைவுதான். முப்பத்தாறு தடவை வர வேண்டும், பணத்தை இப்போதே கட்டினால் தள்ளுபடி" என்றார்கள். நம்மூர் ஆடித் தள்ளுபடி ஞாபகம் வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவதாகப் போனது ஒரு நடுத்தர வயதுப் பெண்மணியிடம். முக்கால் மணி நேரம் என் கதையைக் கேட்டார். நோய் ஆரம்பித்ததிலிருந்து அவ்வளவு நேரம் எனக்குக் காது கொடுத்தவர் யாரும் இல்லை. கழுத்தும் தோளும் கல்லாகக் கிடந்தன. தலைவலி நாள் தவறாமல் வரும். அவர் மெதுவாக அழுத்தி, நீவி, முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். 'டக்' என்று சத்தம். சத்தம் கேட்டால் எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அது எலும்பின் சத்தம் அல்ல. மூட்டு திடீரென்று விலகும்போது அதற்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகிறது. 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் விரல் மூட்டைச் சொடுக்கு எடுத்து, அதை எம்.ஆர்.ஐ.யில் படமே பிடித்திருக்கிறார்கள்.

நான் இஞ்சினியர் ஆயிற்றே, ஒரு நோட்டுப் போட்டேன். கழுத்து வலி, தலைவலி, களைப்பு, எத்தனை மணி நேரம் படுக்காமல் இருந்தேன், எல்லாவற்றையும் தினமும் எழுதினேன். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால், கழுத்து வலி பாதியாகக் குறைந்திருந்தது. தலைவலி வாரத்துக்கு இரண்டு நாளாகியது. தூக்கம் கொஞ்சம் தேவலை. ஆனால் களைப்பின் கோடு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, அப்படியே படுத்துக் கிடந்தது. இன்னொரு விஷயமும் தெரிந்தது. கிளினிக்குக்குக் கார் ஓட்டிப் போய், காத்திருந்து, திரும்பி வந்தேனே, அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு சரிவு வந்துகொண்டிருந்தது. வைத்தியத்தில் சம்பாதித்ததைப் பயணத்தில் செலவழித்திருக்கிறேன்!

நோட்டை அந்த அம்மையாரிடமே காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்கள் கழுத்துக்கு என்னால் ஏதோ செய்ய முடியும். உங்கள் நோய்க்கு முடியாது. இனி ரொம்ப வலித்தால் மட்டும் வாருங்கள்." வருமானத்தை விட்டுவிட்டு உண்மையைச் சொன்ன அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

என் ஒருவன் நோட்டு ஆராய்ச்சி ஆகாது. ஆனால் ஆராய்ச்சியும் இதற்கு மாறாக எதையும் காட்டவில்லை. கைரோபிராக்டிக் இந்தச் சோர்வு நோயைக் குணமாக்கும் என்று நம்பும்படியான பெரிய பரிசோதனை எதுவும் கிடையாது. இடுப்புவலிக்குக் கொஞ்சம் உதவும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2017-ல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் இடுப்புவலிக்கு முதலில் பார்க்கத்தக்க மருந்தில்லா முறைகளில் முதுகெலும்பு அழுத்தத்தையும் சேர்த்தது. ஆகவே செயலாளருக்கு என் பதில்: நோயோடு ஒட்டி வரும் தசை வலிக்கு ஒரு துணையாக இருக்கலாம். நோய்க்கு வைத்தியம் ஆகாது. பெல்ட் கிறீச்சிட்டால் எண்ணெய் விடலாம், மோட்டார் பலவீனத்துக்கு அது பதில் ஆகுமா?

போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கழுத்தைச் சடாரென்று திருப்பி முறிக்க விடாதீர்கள். அரிதாகத்தான் என்றாலும், கழுத்து ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததாகப் பதிவுகள் உண்டு. மூட்டு அளவுக்கு மீறி வளைகிறவர்கள், எலும்புத் தேய்மானமோ முடக்குவாதமோ உள்ளவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இது அமெரிக்கக் கிளினிக்குக்கு மட்டும் சொல்வதல்ல. நம்மூர் சலூனில் தலைமுடி வெட்டியதும் 'சார், கழுத்துக்கு ஒரு சொடுக்கு' என்பாரே, அவருக்கும் சேர்த்துத்தான்.

அப்படியென்றால் எனக்கு எது உதவியது? நம் கல்லூரி லேபில் கற்ற பாடம்தான். மெட்டலர்ஜி லேபில் ஃபெட்டீக் டெஸ்டிங் மெஷின் ஒன்று கடகடவென்று சுற்றிக்கொண்டிருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வோலர் என்பவர் ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று ஆராய்ந்ததில் பிறந்த பாடம். எஃகுக்கு ஒரு எல்லை உண்டு. பாரம் அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் லட்சக்கணக்கான முறை சுற்றினாலும் முறியாது. எல்லையைத் தாண்டினால், வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே விரிசல் ஓடும். என் எல்லை எது என்று கண்டுபிடித்து, அதற்குக் கீழேயே வாழப் பழகினேன். இதற்கு 'பேசிங்' என்று பெயர். நல்ல நாளில் கூட முழுதாகச் செலவழிப்பதில்லை. சமைப்பதற்கு முன் அரை மணி படுப்பேன், சமைத்த பின்னும் படுப்பேன். நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறேன், அது ஏறினால் உட்கார்ந்துவிடுவேன். நின்றால் வரும் தலைசுற்றலுக்கு டாக்டர் சொன்னபடி தண்ணீரும் உப்பும் கூட்டி, காலுக்கு இறுக்கமான உறை போட்டேன். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உப்பில் கை வைக்காதீர்கள்.

2021 அக்டோபரில் இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பும் இதைத்தான் சொன்னது. இந்த நோயாளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டாய உடற்பயிற்சிக்கு ஏற்றும் முறையைக் கைவிட்டு, சக்தியைப் பார்த்துச் செலவு செய்யச் சொன்னது. டிரெட்மில்லில் ஏறி விழுந்தது என் மனக்கோளாறு அல்ல என்று அந்த நாளில்தான் எனக்கே நம்பிக்கை வந்தது.

முழு நேர வேலை முடியாததால் விசாவும் முடிந்தது. 2024-ல் ஊர் திரும்பினேன். இப்போது வீட்டிலிருந்தே தினம் நாலு மணி நேரம் டிராயிங் பார்க்கிறேன். பழைய சம்பளத்தில் கால் பங்கு. நடக்கிறது வண்டி.

கடைசியாக ஒன்று. 2022-ல் நம் பேட்சின் பத்தாம் ஆண்டுச் சந்திப்புக்குக் கட்டாயம் வருவதாகச் சொல்லி, டிக்கெட்டும் எடுத்து, புறப்படும் நாளுக்கு முன்தினம் வரவில்லை என்று செய்தி அனுப்பினேன். "டாலர் பார்த்தவுடன் பெரிய ஆளாயிட்டான்" என்று குரூப்பில் எழுதினீர்கள். எழுதியவனை நான் குறை சொல்லவில்லை. நானும் யாருக்கும் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. சோம்பேறி என்று சொல்லிவிடுவீர்களோ என்ற வெட்கம்.

போன வருஷம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு குரூப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். அன்று ராத்திரி பதினொன்றரைக்கு நம் பேட்ச் நண்பன் ஒருவன் போன் செய்தான். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். "மச்சான், நீ எழுதியது அப்படியே என் வீட்டுக்காரி. டைபாய்டு வந்ததிலிருந்து நாலு வருஷமா இப்படித்தான் கிடக்கிறாள். வேலைக்கு டபாய்க்கிறாள் என்று எங்கம்மா சொன்னாங்க, நானும் சேர்ந்து சொன்னேன்" என்றான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. ஹாஸ்டலில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. இப்போது அந்தத் தங்கை நல்ல டாக்டர் ஒருவரிடம் காட்டிக்கொண்டிருக்கிறார். நோய் குறைந்துவிடவில்லை. ஆனால் வீட்டில் மத்தியானம் படுக்கிறபோது கதவைச் சாத்திக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அதுவே பெரிய வைத்தியம் என்று சொன்னாராம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். வராமலே தெரிந்துகொள்ள முடியாதா? உங்கள் வீட்டில், ஆபீஸில், ரிப்போர்ட் நார்மலாக இருந்தும் எழ முடியாமல் ஒருவர் இருந்தால் முதலில் அவர் சொல்வதை நம்புங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டிச் சோதியுங்கள், பலருக்குக் காரணம் அதிலேயே அகப்பட்டுவிடும். அகப்படாவிட்டால் "எழுந்து ஓடு" என்று விரட்டாதீர்கள். குணமாக்குகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடமும் அழைத்துப் போகாதீர்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் இருக்க மாட்டேன். இந்தப் பேச்சுக்காக மூன்று நாள் படுத்துச் சக்தி சேர்த்து வைத்திருந்தேன், அது தீர்ந்துவிட்டது. கெஸ்ட் ஹவுஸில் கீழ்த் தளத்தில் ரூம். ஓய்வெடுத்த பிறகு நாலு மணிக்கு மேல் இரண்டு இரண்டு பேராக வாருங்கள், கால் மணி நேரம் பேசலாம். நான் படுத்தபடியே பேசினால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று இப்போது தைரியமாக நம்புகிறேன்.