ஓசூர் வளருது, சரி... சாமல்பட்டிக்கு என்ன?

(சாமல்பட்டி கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் பேசியது. வர முடியாத உறவுகளுக்காக எழுத்து வடிவில்.)



"பெங்களூர் பக்கத்துல இருக்கு, அதனால ஓசூர் வளர்ந்துச்சு"ன்னு சொல்லுவாங்க. அது பாதிதான் உண்மை. பெங்களூருக்கு 40 கிலோமீட்டர்ல இருக்கிற எல்லா ஊரும் ஓசூர் ஆயிடலையே! மீதிப் பாதியை நாமதான் சொல்லணும்.

1971-ல் சிப்காட் உருவாச்சு. நிலம் எடுத்து, ரோடு, தண்ணி, கரண்ட் கொடுத்து ஓசூருக்குத் தொழிலைக் கூப்பிட்டாங்க. 1980-ல் அசோக் லேலண்ட். அதே வருஷம் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூர்ல இருந்து ரோட்டுக்கு வந்துச்சு. 1984-ல் டைட்டன். டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு ரெண்டோட எழுத்தையும் சேர்த்து வச்ச பேர் அது. இன்னைக்கும் அந்தக் கம்பெனியில தமிழ்நாடு அரசின் டிட்கோவுக்கு 27 சதவீதத்துக்கு மேல பங்கு இருக்கு. டாடா குழுமத்தோட பங்கைவிட அது அதிகம்!

நான் இன்ஜினியரிங் படிச்சவன். எனக்குத் தெரிஞ்ச ஓசூரோட பலம் பெரிய கம்பெனி போர்டு இல்ல, அதுக்குப் பின்னாடி இருக்கிற சின்னப் பட்டறைங்கதான். லேத், பிரஸ், பிளேட்டிங், டூல் ரூம்... ஒரு பாகம் வேணும்னா பக்கத்துலயே செஞ்சு தர ஆள் இருக்கு. நிலத்தையும் வரிச் சலுகையையும் எந்த மாநிலமும் கொடுக்கலாம். நாற்பது வருஷமா சேர்ந்த இந்தக் கைப்பழக்கத்தை ஒரே ராத்திரியில கொடுக்க முடியாது.

எல்லை முன்னாடி லாபமும் கொடுத்துச்சு, தொல்லையும் கொடுத்துச்சு. மத்திய விற்பனை வரி இருந்தப்போ, ஓசூர் பட்டறை பீன்யாவுக்குச் சரக்கு வித்தா 2 சதவீதம் வரி. வாங்குறவருக்கு அதுல கழிவு கிடையாது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வித்தியாசம் போச்சு, வணிகவரி சோதனைச் சாவடியும் போச்சு. வேற குறை ஆயிரம் இருக்கலாம். ஆனா எல்லை ஊருக்கு இது ஒரு பெரிய கதவு.

இப்போ தொழில் ஓசூரைத் தாண்டி நம்ம பக்கம் வருது. குருபரப்பள்ளியில டெல்டா, போச்சம்பள்ளியில ஓலா, பர்கூர்ல சிப்காட். சென்னை ரோடும் சேலம் ரோடும் கிருஷ்ணகிரியில சேருது. மாவட்டத் தலைநகருக்கே ரயில் இல்ல. ஆனா நம்ம சாமல்பட்டியில ஸ்டேஷன் இருக்கு, ஜோலார்பேட்டை–சேலம் பாதையில!

அப்போ கேள்வி இதுதான்: கம்பெனி நம்ம பக்கத்துல வருது. நம்ம பிள்ளைங்க அங்க என்னவா போறாங்க? கான்ட்ராக்ட் வேன்ல ஏறி, வருஷா வருஷம் அடையாள அட்டை மாத்தற ஆளாவா? இல்ல மிஷினை செட் பண்ற, பழுது பார்க்கிற ஆளாவா?

இதுக்குச் சட்டத்துலயே ஒரு வழி இருக்கு. 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம். 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற நிறுவனம், மொத்த ஆள் எண்ணிக்கையில குறைஞ்சது 2.5 சதவீதம் அப்ரண்டிஸ் எடுக்கணும். கான்ட்ராக்ட் ஆளுங்களும் அந்தக் கணக்குல வருவாங்க. 2,000 பேர் இருந்தா குறைஞ்சது 50 பேர். உதவித்தொகை உண்டு, முடிச்சா சான்றிதழ் உண்டு. வேலை உறுதின்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தச் சான்றிதழ் கையில இருக்கிறவனை "ஹெல்பர்"னு ஓரமா நிறுத்த முடியாது.

ஓசூர்ல 2,000 ஏக்கர்ல விமான நிலையம்னு 2024 ஜூன்ல சட்டமன்றத்துல அறிவிச்சாங்க. வரட்டும், வரவேற்போம். அதுக்கு முன்னாடி, ராத்திரி ஷிஃப்ட் முடிக்கிற நம்ம தங்கச்சிக்கு வீடு வந்து சேர ஒரு பஸ் வேணும். ரெண்டையும் சேர்த்துக் கேட்கிறதுதான் வளர்ச்சி.

அதனால கிளை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குள்ள உங்க ஊர்ல ஐ.டி.ஐ., டிப்ளமோ முடிச்சு வீட்ல இருக்கிற பிள்ளைங்க எத்தனை பேர்னு கணக்கெடுங்க. என்ன டிரேடுன்னும் எழுதுங்க. அப்ரண்டிஸ் இணையதளத்துல பதிவு செய்ய நம்ம அணி கூட உட்கார்ந்து உதவும். காசு எதுவும் வேண்டாம்.

ஓசூர் வளர்ந்துருச்சு. அடுத்து வளர வேண்டியது நம்ம வீட்டுச் சம்பளம்.



படிச்ச உறவுகள் உங்க ஊர் வாட்ஸ்அப் குழுவுல பகிருங்க.

#ஓசூர் #கிருஷ்ணகிரி #சாமல்பட்டி