பாட்டு நிற்காமல் ஓட

மாதச் சந்தா கட்டிக் கைப்பேசியில் பாட்டுக் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். நிறுவனங்களுக்குள் ஒப்பந்தம் முறிந்தால் நேற்றுக் கேட்ட பாட்டு இன்று இருக்காது. இதற்கு மாற்றாக, காசு கொடுத்து வாங்கிய குறுந்தகடுகளையும் பழைய ஒலிநாடாக்களையும் ஒரு கணினியில் ஏற்றி, வீட்டிலுள்ள எந்தக் கருவியிலும் கேட்க வழிசெய்யும் இசை சர்வர் மென்பொருள்கள் உண்டு. எம்பிடி, நாவிட்ரோம், லிரியன் என்று பல பெயர்கள். எல்லாம் கட்டற்ற மென்பொருள். மூல நிரலை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விலை கிடையாது. விலையில்லாத இந்தப் பொருளை ஆண்டுக்கணக்கில் பழுதில்லாமல் ஓட வைப்பது யார், அந்தப் பாரத்தை யார் சுமக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

நிரலை எழுதியவர் அதை வெளியிட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் அது வீடு வந்து சேர இன்னொருவர் வேண்டும். எந்தெந்த நிரல்தொகுப்புகள் துணைக்கு வேண்டும், பாடல் பட்டியலை எந்த இடத்தில் சேமிப்பது, மின்சாரம் போய் வந்ததும் சர்வர் தானாக எழுந்து ஓடுமா, புதிய பதிப்பு ஏறும்போது பழைய பட்டியல் அழியாமல் இருக்குமா, உரிமத்தில் சிக்கல் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரே பேக்கேஜாகக் கட்டித் தருபவர் அவர். டெபியன் என்ற உலகளாவிய லினக்ஸ் திட்டத்தில் இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடியொற்றியது. 2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு கொடுத்த கணினிகளில் பாஸ் இருந்தது. ஆக, எங்கோ ஒருவர் கட்டிய பேக்கேஜ் பேரணாம்பட்டு மாணவியின் கைக்கும் வந்து சேர்ந்தது. கட்டியவர் பெயர் நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

கட்டற்ற உரிமம் இருந்தாலே மென்பொருள் சாகாது என்பது ஒரு நம்பிக்கை. இரண்டு மென்பொருள்களின் கதையைப் பாருங்கள். சப்சானிக் என்ற இசை சர்வரின் ஆசிரியர் 2016ல் மூல நிரல் வெளியிடுவதை நிறுத்தினார். பழைய நிரலைப் பிறர் எடுத்து லிப்ரசானிக் ஆக்கினார்கள். அதிலிருந்து 2017ல் ஏர்சானிக் பிரிந்தது. பராமரிக்க ஆள் குறைந்து அதுவும் ஒரு கட்டத்தில் நின்றுபோனது. இன்னொன்று ஸ்லிம்சர்வர். அதை உருவாக்கிய நிறுவனத்தை லாஜிடெக் 2006ல் வாங்கியது. 2012ல் அந்த வரிசைக் கருவிகளைக் கைவிட்டது. 2024ல் அவற்றுக்கான இணையச் சேவையையும் மூடியது. ஆனாலும் அந்த சர்வர் லிரியன் என்ற புதுப்பெயரோடு இன்றும் ஓடுகிறது, ஆண்டுதோறும் பழுது பார்க்கும் கைகள் தொடர்ந்து இருந்ததால். இரண்டுக்கும் உரிமம் ஒரே வகைதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இப்போதெல்லாம் எழுதியவரே எல்லாத் துணைத்தொகுப்புகளையும் சேர்த்து ஒரே கண்டெய்னராகக் கொடுத்துவிடுகிறாரே, நடுவில் இன்னொருவர் எதற்கு? நிறுவுவது அதில் சுலபம், மறுக்கவில்லை. ஆனால் பாட்டை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் எஃப்எஃப்எம்பெக் தொகுப்பில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை உள்ளே வைத்திருக்கும் ஒவ்வொரு கண்டெய்னரையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். டெபியனில் ஓரிடத்தில் திருத்தினால் அதை நம்பியிருக்கும் அத்தனை மென்பொருளுக்கும் போய்ச் சேரும். 2011ல் எஃப்எஃப்எம்பெக்கே இரண்டாகப் பிளந்தபோது டெபியன், பிரிந்துபோன லிபாவ் பக்கம் போனது. 2015ல் எஃப்எஃப்எம்பெக்குக்கே திரும்பியது. ஒரே வேலைக்கு இரண்டு தொகுப்பையும் வைத்துக்கொண்டு இரண்டிலும் ஓட்டை அடைக்க ஆள் இல்லை என்பது அந்த விவாதத்தில் பெரிய வாதமாக இருந்தது.

டெபியனில் பழைய பதிப்புதானே கிடைக்கிறது என்ற குறையும் உண்மைதான். ஆனால் 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்ற சிறு தொகுப்பில் ரகசியக் கதவு வைத்தது அம்பலமானதே, அதை யோசியுங்கள். ஒற்றை ஆளாகப் பராமரித்துக் களைத்துப்போனவரின் நம்பிக்கையை இரண்டு ஆண்டுக்கும் மேலாகச் சம்பாதித்து உள்ளே நுழைந்திருந்தார் ஒருவர். டெபியனின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது வந்துவிட்டது. நிதானமாக நகரும் நிலைப்பதிப்பைத் தொடவில்லை. தாமதம் ஒருமுறை காத்தது என்பதைவிட, தனியாள் பராமரிப்பு எவ்வளவு ஆபத்து என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கட்டற்ற மென்பொருளும் ஒரு பொதுச் சொத்துதான். பொதுச் சொத்தைப் பராமரிக்கும் செலவு என்றால் என்ன என்று தோல் பதனிடும் நம் வேலூர் வட்டாரத்துக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துகிறவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்றது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேரவேண்டிய கட்டாயம் டேனரிகளுக்கு வந்தது. நிலையம் கட்டுவது ஒருமுறைச் செலவு; அதை நாள்தோறும் ஓட்டுவதுதான் தீராத செலவு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசு பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. மென்பொருளில் அப்படிக் கட்டாயப்படுத்த நீதிமன்றம் இல்லையே என்பீர்கள். சரிதான். அதனால்தான் பயன்பெறுகிறவர்கள் தாமாக நேரம் ஒதுக்க வேண்டும் என்கிறேன். பணத்தைவிட நேரம்தான் இங்கே பற்றாக்குறை.

அந்த நேரம் இந்த வட்டாரத்திலிருந்தே வர வேண்டியதற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்த சர்வர்கள் பாடகர் பெயர், ஆல்பம் பெயர் என்றே பாட்டை அடுக்கப் பழகியவை. நாம் தேடுவதோ இசையமைப்பாளரை, சில நேரம் பாடலாசிரியரை. பாடகர் நாகூர் ஹனீபாவின் பெயரை ஒரு கோப்பில் இ. எம். என்ற முன்னெழுத்தோடும், இன்னொன்றில் இல்லாமலும் எழுதியிருப்பார்கள். சர்வர் இரண்டு ஆளாக எண்ணிக்கொள்ளும். ஆம்பூரில் அதே பாட்டுத் தொகுப்பில், வலமிருந்து இடமாக எழுதும் உருதுவில் பெயரிட்ட கவாலிகளும் கலந்திருக்கும். இந்தப் பழுதெல்லாம் ஜெர்மனியில் உட்கார்ந்து பராமரிக்கிறவர் கண்ணில் படாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வேலூரிலும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் கணினி படிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் இறுதியாண்டு புராஜெக்ட் செய்கிறார்கள். பெரும்பாலும் புதிதாக ஒன்றை எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்துவிடுகிறார்கள். இருக்கிற ஓர் இசை சர்வரின் பேக்கேஜை ஓர் ஆண்டு பராமரிப்பதையே புராஜெக்டாக ஏற்றால் என்ன? புதிதாக எதுவும் இல்லையே, எதை வைத்து மதிப்பிடுவது என்று தேர்வாளர் கேட்பது நியாயமே. டெபியனில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் மாற்றப் பதிவேடு உண்டு. எந்தத் தேதியில் யார் எதைத் திருத்தினார், எந்தப் புகாரை முடித்துவைத்தார் என்று அதில் பெயரோடு பதிவாகியிருக்கும், உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். பைண்ட் செய்து அலமாரியில் அடுக்கும் புராஜெக்ட் அறிக்கையில் அவ்வளவு ஆதாரம் இருப்பதில்லை.