குப்பியின் பெயரும் உள்ளிருக்கும் உண்மையும்



ஆய்வுகூடங்களில் பணிபுரியும் பழைய மாணவிகள் சார்பில் பேசும்படி எங்களைக் கேட்டீர்கள். நாங்கள் அன்றாடம் கையாளும் ஒரு சிறு பொருளைப் பற்றியே சொல்ல விரும்புகிறோம்.

வாற்பேய் தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது? அந்த வாலை ஆராய்ந்துதான், 1962இல் அமெரிக்காவில் ஜெரோம் குரோசும் சார்ள்ஸ் லப்பியரும் கொலாஜன் என்னும் உறுதியான புரதத்தை வெட்டும் நொதியத்தைக் கண்டறிந்தனர். காயம் ஆறவும் உறுப்புகள் வளரவும் இத்தகைய நொதியங்கள் வேண்டும். அளவு மீறினால் இழையம் சிதைந்துவிடும். ஆகவே அவற்றை அடக்க, ரிம்ப் எனப்படும் நான்கு நிரோதிகளை உடல் வைத்திருக்கிறது. அவற்றுள் ரிம்ப்-1, நொதியத்தின் வெட்டும் பிளவினுள் ஆப்புப்போலச் செருகி நிற்கும்.

ஆப்பு மிகுந்தாலும் கேடுதான். ஈரலில் வடு ஏறும்போது ரிம்ப்-1 கூடுகிறது. அகற்றப்பட வேண்டிய கொலாஜன் தேங்குகிறது. இரத்தத்தில் ரிம்ப்-1ஐயும் வேறு இரு பொருட்களையும் அளந்து ஈரல் வடுவை மதிப்பிடும் சோதனை இன்று மருத்துவத்தில் உண்டு.

கண்ணுக்குத் தெரியாத இப்புரதத்தை எமக்குக் காட்டித் தருவது பிறபொருளெதிரி. முயலுக்கோ சுண்டெலிக்கோ ரிம்ப்-1ஐ ஏற்றினால், அதனைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியை அவ்விலங்கின் உடல் ஆக்கும். ஒரே வகைப் பிறபொருளெதிரியை ஓயாது தரும் கலங்களை உருவாக்கும் வழியை 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் காட்டினர்.

ஆயினும், குப்பியில் ஒட்டிய பெயரை மட்டும் நம்பி நாங்கள் வேலையைத் தொடங்குவதில்லை. ரிம்ப்-1 மரபணுவை நீக்கிய கலங்களில் அடையாளம் மறைகிறதா? ரிம்ப்-2ஐயும் தவறாகப் பற்றுகிறதா? இரண்டும் அமினோ அமில வரிசையில் ஏறத்தாழ 40 சதவீதம் ஒத்தவை. ஜெல்லில் பட்டை 28 கிலோடால்ரன் அளவில் விழுகிறதா? இவற்றை முதலில் பார்ப்போம்.

இன்னொன்றும் உண்டு. ரிம்ப்-1இன் மடிப்பை ஆறு இருசல்பைட்டுப் பிணைப்புகள் கட்டிக் காக்கின்றன. ஜெல்லில் ஓட்டுவதற்காக அவற்றை அறுத்துப் புரதத்தை விரித்தால், மடிந்த உருவத்தை மட்டும் அறியும் பிறபொருளெதிரி அதனை அடையாளம் காணாது. ஒரு சோதனையில் நன்றாக வேலை செய்வது மற்றொன்றில் பொய்த்துப் போகலாம். நொதியத்தோடு பிணைந்த ரிம்ப்-1ஐ விட்டுவிட்டுத் தனித்திருப்பதை மட்டும் எண்ணினால், கிடைக்கும் அளவும் குறைந்தே தோன்றும்.

இதில் ஒரு படியைத் தவறவிட்டால், பல ஆண்டு உழைப்பு வேறொரு புரதத்தின் கதையாகிவிடும். நோயாளி ஒருவரின் ஈரலைப் பற்றிய முடிவும் பிழையான எண்ணில் நிற்கக்கூடும்.

எனவே, இன்று கல்லூரி ஆய்வுகூடத்தில் நிற்கும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை: கட்டுப்பாட்டுப் பரிசோதனையை நேரவிரயமென்று ஒதுக்காதீர்கள். வரவேண்டிய இடத்தில் வருவதைப் போலவே, வரக்கூடாத இடத்தில் வராதிருப்பதும் சான்றுதான்.