ஆங்கிலத்தில் இறந்தகாலம்



இறந்தகாலம் காட்டும் இடைநிலைகள் த், ட், ற், இன் என நான்கு என்கிறது நன்னூல். ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஈ, டீ' என்னும் ஈரெழுத்தே போதும். நான், நீ, அவர் எவராயினும் பெரும்பாலும் வினை மாறாது. இவ்வளவு எளிமை நமக்கு இல்லை!

'சிங்' என்பது 'சாங்' ஆவதேன் என்று இளைஞர் சலிக்கின்றனர். நம் 'சா' என்பது 'செத்தான்' ஆகவில்லையா? இவற்றை வாயாற் சொல்லிப் பழகுவதே வழி.

'டிட் நொட் வென்ட்' என்று எழுதுவோர் பலர். 'போனவில்லை' என்று நாம் சொல்வதுண்டா? 'போகவில்லை' என்கிறோம். அங்கும் 'டிட் நொட் கோ' என்பதே சரி. காலத்தை 'டிட்' சுமந்துவிட்டது.

பெருஞ்சங்கடம் விண்ணப்பத்திலேதான். 1957 இல் பிரித்தானியக் கடற்படை நம் துறைமுகத்தை ஒப்படைத்துச் சென்றது. அதனிடம் பத்தாண்டு உழைத்து விலகியவருக்கு 'ஐ வேர்க்ட் ஃபோர் டென் இயர்ஸ்' என்பது பொருந்தும். இன்று துறைமுகத்தில் வேலையிலிருக்கும் இளைஞர் அவ்வாறே எழுதினால், வேலையை விட்டவரென்றே படிப்பவர் கொள்வர். அவர் 'ஐ ஹாவ் வேர்க்ட்' என்றெழுத வேண்டும். 'நேற்று', '2015 இல்' என முடிந்த காலத்தைக் குறித்தாலோ அந்த 'ஹாவ்' ஆகாது.