கதையில் வரும் ‘நான்’

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



கதை எழுதுகிறவனைப் பார்த்தால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். “அதுல வர்றது நீங்கதானே சார்?” ஆமாம் என்றாலும் சிரிப்பார்கள், இல்லை என்றாலும் சிரிப்பார்கள். இந்தக் கேள்விக்கு நம் பக்கத்திலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது.

விருதுநகர் மாவட்டப் புதுப்பட்டி. அங்கே ஒரு தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு விதமாகத் தங்கள் வாழ்க்கையை எழுதினார்கள். தங்கை பாமாவின் ‘கருக்கு’ 1992-ல் நம் மதுரையில்தான் வெளியானது. அண்ணன் ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ 2002-ல் வந்தது. அவர் 2024-ல் மறைந்துவிட்டார்.

தங்கை ‘நான்’ என்று எழுதினார். ஆனால் அந்த ‘நானு’க்குப் புத்தகம் முழுக்கப் பெயர் கிடையாது. ‘பாமா’ என்பதும் புனைபெயர்தான். கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் நின்ற நேரத்தில் எழுதியது. பேச்சுத் தமிழிலேயே எழுதியதால், ஒருத்தி பேசப் பேச ஒரு தெருவே பேசுகிற மாதிரி இருக்கும். வினையும் அங்கேதான் வந்தது. நம்மைக் கேவலப்படுத்திவிட்டாள் என்று ஊரில் கோபம். சில மாதங்கள் அவர் ஊருக்குள் போக முடியவில்லை. படித்த இளைஞர்கள் எடுத்துச் சொன்ன பிறகுதான் சமாதானமானார்கள். அந்தக் கோபத்தை அறியாமை என்று நான் ஒதுக்க மாட்டேன். தன் கதை என்று எழுதினாலும் அதில் பாட்டி இருக்கிறாள், அம்மா இருக்கிறாள், அடுத்த வீட்டு அத்தை இருக்கிறாள். அவங்ககிட்ட யார் சம்மதம் கேட்டது?

அண்ணன் வழி வேறு. தன்னையே ‘சிலுவை’ என்று பெயர் வைத்துத் தள்ளி நிறுத்தி, ‘அவன்’ என்று எழுதினார். தள்ளி நிறுத்தியதால் கேலி செய்ய முடிந்தது. கிறிஸ்தவன் என்பதால் பட்டியல் சாதிச் சலுகை கிடைக்காமல், வேலைக்காக இந்துவாக மாறுகிற இடம் வரைக்கும் அந்தக் கேலி விடவில்லை. ‘நான்’ என்று எழுதியிருந்தால் அங்கே அழுகை வந்திருக்கும், இல்லாவிட்டால் நியாயம் பேசியிருப்பார். இது என் அபிப்பிராயம்.

எழுத ஆசைப்படுகிற மாணவர்கள் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் நடந்த ஒன்றை ‘நான்’ என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு அதையே வேறு பெயர் வைத்து, ‘அவன்’, ‘அவள்’ என்று எழுதுங்கள். முதல் பக்கத்தில் எதை மறைத்தீர்கள் என்று இரண்டாவது காட்டிக் கொடுத்துவிடும்.

‘கருக்கு’ சின்னப் புத்தகம், ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம். ‘சிலுவைராஜ்’ தலையணை சைஸ். அதை லீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.