பிசைந்த கை யாருடைய கை?

(தலைப்பு: இல்லத்தில் மகிழ்ச்சியைப் பெருக்குவது அடுப்பங்கரையா? அங்காடியா? பள்ளிக்கரணையில் நடந்த பட்டிமன்றத்தில் ‘அடுப்பங்கரையே’ அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய தங்கை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். “அடுப்பங்கரையில் மகிழ்ச்சி என்று முழங்குகிற ஆண்களில் யாராவது அங்கே அரை மணி நேரம் நின்றிருக்கிறீர்களா?” என்று கேட்டார். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரம்மாவும் சேர்ந்து தட்டினார்கள். நடுவர் அவர்களே, என் சொந்த வீட்டு ஓட்டே எனக்கு இல்லை! (சிரிப்பு)

தங்கச்சி, நான் நின்றிருக்கிறேன். தேதியோடு சொல்கிறேன். 2025 ஏப்ரல் 19, சனிக்கிழமை. மறுநாள் ஈஸ்டர். நம் கணக்கில் சித்திரை பிறந்து ஒரு வாரம், இளவேனில் காலம். பள்ளிக்கரணையில் அதற்குப் பெயர் இளவேனில் இல்லை, கொளுத்துகிற வேனில். அது வேறு விஷயம்.

எங்கள் எதிர்வீட்டில் ஓர் அம்மா. நாற்பது நாள் தவக்காலம் முடிந்து ஈஸ்டர் மத்தியானம் அந்த வீட்டிலிருந்து எங்களுக்குத் தூக்குவாளி வரும். பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து போகும். அந்த வருஷம் அவர்கள் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. “இந்தத் தடவை கடையில சொல்லிட்டோம் அக்கா” என்று என் மனைவியிடம் சொன்னார்கள். எதிரணி கைதட்டலாம், உங்கள் கட்சிதான். ஆனால் அதைச் சொல்லும்போது அந்த முகம் இருந்த இருப்பை நான் பார்த்தேன்.

உடனே என் மகள் சொன்னாள்: “அப்பா, இந்த வருஷம் நாம அனுப்புவோம். நான் இத்தாலி ரொட்டி பண்றேன், மூலிகை எல்லாம் போட்டு.”

நமக்கு ரொட்டி என்றால் என்ன ஞாபகம் வரும்? காய்ச்சல்! (சிரிப்பு) ரொட்டியும் பாலும் கையில் வந்தால் ‘எனக்கு என்ன வியாதி’ என்று கேட்கிற தலைமுறை என்னுடையது. எதிரணி நண்பர் ஒருவர், “இத்தாலி ரொட்டிக்கும் தமிழனுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். ஐயா, எங்கெங்கிருந்தோ பறந்து வருகிற பறவைக்கெல்லாம் இடம் கொடுத்த சதுப்பு நிலம் இந்த ஊர். 2022-இல் அதை ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அத்தனை பறவைக்கு இடம் கொடுத்த ஊர் ஒரு ரொட்டிக்கு இடம் கொடுக்காதா? (கைதட்டல்)

சம்பந்தம் இன்னும் பழையது. அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டினாரே, அங்கே ரோமானிய மதுச்சாடிகள் கிடைத்தன. மது மட்டுமில்லை, ஆலிவ் எண்ணெய் வந்த சாடிகளும் உண்டு. ஆக, என் மகள் கடையில் விலை கொடுத்து வாங்கி வந்த எண்ணெய் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம் கரையில் இறங்கிவிட்டது.

மூலிகை? ஓரிகானோ என்கிறார்கள். அதன் வாசனைக்குக் காரணம் கார்வக்ரால் என்ற பொருள். அதே பொருள் நம் கற்பூரவல்லியிலும் இருக்கிறது. சளிக்குக் கஷாயம் போடுகிறோமே, அந்த இலைதான். பேசில் என்கிறார்கள். நம் திருநீற்றுப்பச்சிலை! அதன் விதையைத்தான் சப்ஜா என்று கோடையில் ஊறவைத்துக் குடிக்கிறோம். இரண்டும் என் வீட்டு மாடித் தொட்டியில் இருந்தன. பறித்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, பூண்டோடு பொடியாக நறுக்கி வைத்தாயிற்று.

அரைக் கிலோ மைதா, ஒரு பொட்டலம் ஈஸ்ட், உப்பு, எண்ணெய். குறிப்பில் ‘வெதுவெதுப்பான நீர்’ என்று போட்டிருந்தது. அது குளிர்தேசத்துக்காரன் எழுதியது. சித்திரை மத்தியானம் நம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருவது என்ன நீர்? வெந்நீர்! என் மகள் அதை இன்னும் கொஞ்சம் சூடாக்கினாள். ‘ஒன்றரை மணி நேரம் பொங்க விடு’ என்றது குறிப்பு. விட்டோம். திறந்தால், பாத்திரத்தைத் தாண்டி வழிந்து, நடுவில் அமுங்கி, புளித்த நெடி. மார்கழியில் இட்லி மாவு பொங்காமல் அடம் பிடிப்பதும், சித்திரையில் நாலு மணி நேரத்தில் பொங்கி வழிவதும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். நுண்ணுயிருக்குச் சூடு கண்டால் கொண்டாட்டம். குறிப்பு எழுதியவனுக்கு எங்கள் ஊர் வெயில் தெரியுமா?

மகள் அழாத குறை. அப்போது என் மனைவி உள்ளே வந்தார்கள். “பானைத் தண்ணி ஊத்திப் பிசை. கடியாரத்தைப் பார்க்காதே, மாவைப் பாரு. ரெண்டு பங்கு ஆனதும் எடு.” அவ்வளவுதான். என்னைத் திரும்பிப் பார்த்து, “நீங்க பிசையுங்க” என்றார்கள்.

பத்து நிமிஷம் பிசைந்தேன். கவிதைக்குப் பொருள் சொல்கிற கை இது. தோள் கழன்றுவிட்டது! “நல்லா வந்திருக்கு, இல்ல?” என்று பாராட்டை எதிர்பார்த்துக் கேட்டேன். அவர்கள் அமைதியாகச் சொன்னார்கள்: “முப்பது வருஷமா நான் சப்பாத்தி மாவு பிசையறேன். ஒருநாளும் நீங்க கேட்டதில்லையே, யாரு பிசைஞ்சதுன்னு.”

(நீண்ட கைதட்டல்)

தட்டுங்கள், எனக்கு எதிராகத்தான் தட்டுகிறீர்கள் என்று தெரிந்தே சொல்கிறேன். கி.பி. 79-இல் இத்தாலியில் வெசுவியஸ் எரிமலை வெடித்தது. ஹெர்குலேனியம் என்ற ஊர் புதைந்தது. அங்கே கரியாகிப்போன ஒரு ரொட்டி கிடைத்தது. அதன்மேல் ஒரு முத்திரை. ‘குவிண்டஸ் கிரானியஸ் வேருஸின் அடிமை செலேர்’ என்று. ஒரு அடிமையின் பெயர் ரொட்டியின்மேல் நின்றுவிட்டது, ஐயா! என் வீட்டில் முப்பது வருஷ சப்பாத்தியில் ஒன்றின்மேலாவது பெயர் உண்டா? தங்கை கேட்ட கேள்வி நியாயம். அடுப்பங்கரையில் மகிழ்ச்சி இல்லாமல் போனதற்கு அடுப்பு காரணமில்லை, அங்கே ஒரே ஆளை நிற்கவைத்த நாங்கள்தான் காரணம். அதற்குப் பரிகாரம் கடைக்கு ஓடுவதா, நாங்களும் உள்ளே போவதா?

சரி, ரொட்டிக்கு வருகிறேன். இந்தத் தடவை மாவு நாற்பது நிமிஷத்திலேயே இரண்டு பங்கு ஆகிவிட்டது. தட்டில் பரப்பி, விரலால் குழி குழியாக அழுத்தி, எண்ணெயும் இலையும் பூண்டும் தூவி, இன்னும் கொஞ்சம் பொங்க விட்டு, அடுப்பில் 220 டிகிரியில் இருபத்தைந்து நிமிஷம். அந்த வாசனை மாடிப்படி வரைக்கும் போனது.

ஞாயிறு காலையில் மறுபடி ஒன்று சுட்டு, மத்தியானம் சூடாகக் கொண்டுபோனோம். அந்த அம்மா இடது கையால் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார்கள். கடையில் வாங்கியது என்றால் என்ன கேட்டிருப்பார்கள்? எங்கே வாங்கினீங்க, எவ்வளவு. அவர்கள் கேட்டது, “யாரு பிசைஞ்சது?”

மகள் என்னைக் காட்டினாள். அவர்கள் நம்பவில்லை. என் மனைவியைத்தான் பார்த்தார்கள். (சிரிப்பு)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ராத்திரி சப்பாத்தி மாவு இனி என் பொறுப்பு என்று ஒத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அதைத் தொலைக்காட்சியிலும் சொல்லிவிட்டேன், தப்பிக்க வழியில்லை.